போனவன் போய் முடியும்வரை

ஓலுவில் டிசம்பர். காலை எட்டரை.
விடிய இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி.
நாற்பத்தோராவது ஓட்டத்தில்
சோதனை சிவப்பாய் விழுந்தது.
அதற்கு முன் நாற்பது தடவையும் பச்சை.
ஒரே ஓர் எண்தான் இடிக்கிறது:
இப்போதுள்ள இணைப்புகள்.
பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.
ஒன்று என்கிறது சர்வர்.

சோதனை என்ன பெரிய சோதனை.
ஒரு பயனரைப் படைப்போம். பெயர் ஸூலோ.
(என்ஸியோ வைத்த பெயர். ஏனென்று நான் கேட்கவில்லை.)
கடவுச்சொல்லைத் தப்பாய்க் கொடுத்து
ஒரு தடவை வாசலோடு திருப்பி அனுப்புவோம்.
அடுத்த தடவை உள்ளே விடுவோம்.
மூன்று வரி எழுதுவான், இரண்டை வாசிப்பான், ஒன்றை அழிப்பான்.
இல்லாத ஒன்றைத் தேடி
வெறுங்கையோடு திரும்புவான்.
பிறகு கிளம்பிவிடுவான்.
பிறகு அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்றாக்குவோம்.
மொத்த ஆயுள் முக்கால் நொடி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் ஆசாமி இந்த சர்வர்.
எத்தனை முறை வந்தான், எத்தனை பைட் கேட்டான்,
எத்தனை பைட் வாங்கிப்போனான்,
எத்தனை முறை மறுக்கப்பட்டான்.
வெறுங்கையோடு திரும்பியது எத்தனை முறை,
அதற்குக்கூட ஒரு பத்தி இருக்கிறது.
எதைத் தேடி வந்தான் என்பதற்கு இல்லை.

உழைத்த நேரத்துக்கும் பத்தி உண்டு.
ஆனால் அந்த எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.
அதனால் விடைத்தாளில் அந்த இடத்தை மட்டும்
ஒரு குறி போட்டு மறைத்துவிடுகிறோம்.
வந்ததைச் சரிபார்ப்போம், போனதைச் சரிபார்ப்போம்,
பாடுபட்ட நேரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை.
தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

என்ஸியோ அக்டோபர் தொடக்கத்தில் போய்விட்டான்.
கெமியில் தம்பியோடு பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
கடைசி நாள் யாரோ கதவைப் பிடித்துக்கொள்ள,
அட்டையைத் தேய்க்காமலே வெளியேறியிருக்கிறான்.
கீழ்த்தளத்துத் திரையில்
கட்டடத்துக்குள் இருப்போர் பட்டியலில்
இன்று வரை அவன் இருக்கிறான்.

போன வாரம் தீ ஒத்திகை.
முற்றத்தில், மைனஸ் பத்தொன்பதில்,
காவலர் ஹில்கா கையுறையைக் கழற்றாமல் பெயர்களை வாசித்தாள்.
என்ஸியோ பெயருக்குக் குரல் இல்லை.
இரண்டாம் முறையும் கூப்பிட்டாள்.
மூன்றாம் முறையும்.
அவர்கள் விதிப்புத்தகம் அப்படி.
உள்ளே இல்லாத ஒருவனுக்காக
பதினைந்து நிமிடம் வெளியே நின்றோம்.

இன்று பதிவுகளை நுண்நொடி நுண்நொடியாய்ப் பிரித்துப் பார்த்தேன்.
ஸூலோ வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிய கணத்துக்கும்
சர்வர் அவன் இழையைச் சுருட்டி,
பூட்டு ஒன்று விடுபடக் காத்திருந்து,
நீட்டிய விரலை மடக்கும் கணத்துக்கும் நடுவில்
ஒரு சின்ன இடுக்கு.
நாங்கள் அந்த இடுக்கில் தலையை நீட்டி
எத்தனை பேர் என்று கேட்டுவிட்டோம்.
அது பொய் சொல்லவில்லை.

திருத்தம் ஒரே வரி:
போனவன் போய் முடியும்வரை காத்திரு.
அப்புறம் எண்ணு.

சேர்த்தேன். ஆயிரம் ஓட்டம் விட்டேன்.
காபி ஆறிக்கொண்டிருந்தபோது
ஜன்னலுக்கு வெளியே ஒரு பனி அள்ளும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
கெமி இங்கிருந்து நூறு கிலோமீட்டர்.
அவனாக இருக்க முடியாது.

ஆயிரமும் பச்சை.

ஹில்காவிடம் சொன்னால் போதும்,
ஒரு விசையில் பெயரை எடுத்துவிடுவாள்.
திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.
இன்று செவ்வாய்.